ஏர் டேங்க் இருப்பதாலேயே ஏர் பிரேக் ஆகிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரிகளை அங்குள்ள ஆர்வலர்கள் ஏலத்தில் எடுத்துப் புதுப்பிப்பதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால், ‘கம்ப்ரசரும் ஏர் டேங்கும் ஏற்கெனவே இருப்பதால் இவற்றை ஏர் பிரேக்குக்கு மாற்றுவது சுலபம்’ என்ற வரி தவறு. அதை நம்பி யாரும் ஸ்பானரைக் கையில் எடுத்துவிடக் கூடாது.

இரண்டரை டன் சுமை ஏற்றும் எம்-35, ஐந்து டன் ஏற்றும் எம்-54, எம்-809 வரிசை லாரிகளில் சக்கரத்தில் பிரேக் பிடிப்பது ஆயில்தான். முழு ஏர் பிரேக்கிலோ காற்றே சக்கரம்வரை போய்ப் பிடிக்கும். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை ‘ஏர்-பேக்’ என்ற பெரிய உருளைக்குத் தள்ளும். அங்கே காற்று சேர்ந்து அழுத்தத்தைப் பெருக்கும். பெருகிய ஆயில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட்டில் போகும். காற்றின் வேலை அந்த ஏர்-பேக்கோடு முடிந்தது. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தாலோ, துருப்பிடித்த ஒரு பைப் வெடித்தாலோ பெடல் தரை தட்டும், எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. டேங்க் நிறைய காற்று இருந்தும் பயனில்லை. ஹேண்ட் பிரேக், எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் உள்ள ஒரு டிரம்மில் பிடிக்கிறது. நிறுத்திய வண்டியை அது தாங்கும். காலியாகவே ஏறத்தாழ 9 டன் எடை இருக்கும் ஐந்து டன் வண்டி இறக்கத்தில் ஓடும்போது அதை நம்ப முடியாது. ஆர்வலர்கள் ஏர் பிரேக்கைத் தேடுவதன் நியாயமான காரணம் இதுதான். ஆகவே ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் இரட்டைச் சர்க்யூட்டும், காற்று தீர்ந்தால் தானே பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக்கும் இல்லாத மாற்றம், செலவு மட்டுமே.

இரண்டரை டன் எம்-35-க்கு முழு ஏர் பிரேக் வேண்டாம் என்பேன். அதன் ஹப்பில் 6 போல்ட். சந்தையில் கிடைக்கும் ஏர் பிரேக் டிரம் நேராக உட்காராது. இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் இரண்டு ஏர்-பேக்கும் வைத்து, முன் ஆக்சிலையும் பின் ஆக்சில்களையும் தனித்தனிச் சர்க்யூட்டாகப் பிரித்தாலே பெரிய ஆபத்து நீங்கிவிடும். ராணுவம் பின்னாளில் சிலிகோன் பிரேக் ஆயிலுக்கு மாறியது. அதோடு சாதாரண டாட்-3 ஆயில் கலக்காது. சிலிகோன் ஆயில் ஈரத்தை உறிஞ்சாததால் நீர் பள்ளமான இடத்தில் தேங்கி அங்கேயே அரிக்கும். எனவே ஆயிலை மாற்றுபவர்கள் பைப், ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஐந்து டன் வண்டியின் கதை வேறு. 1980-களில் வந்த எம்-939 வரிசை, தொழிற்சாலையிலேயே முழு ஏர் பிரேக்கோடு வந்தது. கழித்த எம்-939-இன் ஆக்சில்களை ஹப், டிரம், காற்றழுத்தத்தில் தண்டைத் தள்ளும் சேம்பர் ஆகியவற்றோடு முழுதாக எடுத்துப் பொருத்துவதே நேர்மையான வழி. பழைய ஆக்சில் ஹவுசிங்கில் பிராக்கெட் வெல்டிங் செய்து, பிரேக் ஷூவை விரிக்கும் எஸ் வடிவ எஸ்-கேம் ஏற்றுபவர்களும் உண்டு. பிராக்கெட் சற்றுக் கோணினாலும் கேம் புஷ் ஒருபக்கம் தேயும், ஷூவின் ஒரு ஓரம் மட்டும் டிரம்மைத் தொடும். பின்னால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் டார்க் ராடுகள் நெருக்கமாக இருப்பதால், சேம்பர் தண்டைக் கேமோடு இணைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டர் அவற்றில் இடிக்கிறதா என்று சஸ்பென்ஷனை முழுதாகத் தொங்கவிட்டும், முழுதாக அமுக்கியும் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தில் சேம்பர், ஸ்டியரிங் மூட்டான நக்கிளோடு சேர்ந்து திரும்பும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து ஹோஸ் இழுபடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் டேங்கில்தான். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி 121-இன்படி, சர்வீஸ் சேம்பர்கள் அனைத்தின் மொத்தக் கொள்ளளவைப்போல் 12 மடங்கு டேங்க் கொள்ளளவு வேண்டும். எஸ்-கேம் வண்டியில் முன்னால் 20-ஆம் அளவுச் சேம்பர் இரண்டு, பின்னால் 30-ஆம் அளவு நான்கு என்று வைப்போம். முன்னது ஒவ்வொன்றும் 54 கன அங்குலம், பின்னது 89. மொத்தம் 464; அதன் 12 மடங்கு 5,568 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 91 லிட்டர். பழைய டேங்கை அளந்து பார்க்காமல் ‘போதும்’ என்று விடுபவர்களின் வண்டியில், இறக்கத்தில் நாலைந்து மிதியிலேயே கேஜ் முள் சரியும். காற்று கம்ப்ரசரிலிருந்து முதலில் நீர் தங்கிப் பிரியும் ஈர டேங்குக்கும், அங்கிருந்து ஒருவழி வால்வுகள் வழியே பிரைமரி, செகண்டரி என்ற இரு டேங்குகளுக்கும் போக வேண்டும். கம்ப்ரசரிலிருந்து வரும் பைப் உலோகமாக இருக்க வேண்டும். டேங்கை நோக்கிச் சரிந்தே போக வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால் அங்கே நீர் நின்று, குளிரில் உறைந்து அடைக்கும். பைப் மரையில் கசிவை அடைக்க டேப் வேண்டாம், பேஸ்ட் போதும். டேப்பின் துணுக்கு வால்வுக்குள் போனால் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பெடலுக்கு இரட்டை வால்வு. பின் ஆக்சில்களுக்கு அருகிலேயே, பெடலின் சைகை கிடைத்ததும் டேங்க் காற்றை நேராகச் சேம்பருக்கு விடும் ரிலே வால்வு வேண்டும், இல்லாவிட்டால் பின் பிரேக் தாமதமாகப் பிடிக்கும். ஸ்பிரிங் பிரேக்குக்கு, இரு விசைகளும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் ஆன்டி-காம்பவுண்டிங் உள்ள வால்வே போட வேண்டும். அது இல்லாமல் பார்க்கிங் போட்டபடி பெடலை மிதித்தால், ஸ்பிரிங் விசையும் காற்று விசையும் சேர்ந்து ஸ்லாக் அட்ஜஸ்டரையே வளைத்துவிடக்கூடும். ஸ்பிரிங் சேம்பரின் கிளாம்பை யாரும் கழற்றக் கூடாது. உள்ளே இறுகியிருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆளைக் கொல்லும். வேலை தொடங்குமுன் கேஜிங் போல்ட்டால் அதைப் பூட்ட வேண்டும்.

30-ஆம் அளவுச் சேம்பர் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்றில் 3,000 பவுண்டு தள்ளும். ஆனால் அதன் தண்டின் முழு ஓட்டம் இரண்டரை அங்குலம்தான். சாதாரண ரகத்தில் 2 அங்குலத்தைத் தாண்டினால் அட்ஜஸ்ட்மென்ட் போய்விட்டது என்று பொருள். இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும்போது மீதி ஓட்டமும் தீர்ந்துவிடும். பெடல் வழக்கம்போலவே இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது.

சாலையில் இறக்குமுன் சில சோதனைகள். இரட்டைச் சர்க்யூட்டில் காற்று 85-இலிருந்து 100 பிஎஸ்ஐக்கு 45 விநாடிக்குள் ஏற வேண்டும். எஞ்சினை அணைத்து, பிரேக்கை விட்ட நிலையில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேலும், மிதித்த நிலையில் 3-க்கு மேலும் குறையக் கூடாது. பிறகு பெடலை மிதித்து மிதித்துக் காற்றைக் குறைத்தால், 60-க்குக் கீழே இறங்குவதற்குள் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். 45-க்கும் 20-க்கும் இடையே பார்க்கிங் குமிழ் தானாக வெளியே வந்து ஸ்பிரிங் பிடிக்க வேண்டும். பின்னர் பிரைமரி டேங்கை மட்டும் காலி செய்து, செகண்டரிக் காற்றில் வண்டி நிற்கிறதா என்று காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து செகண்டரியைக் காலி செய்து அதே சோதனை. இரண்டில் ஒன்று தோற்றாலும் அந்த லாரி பணிமனைக்குத்தான் திரும்ப வேண்டும்.

அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கனரக வாகன பிரேக் மெக்கானிக்,
நாமக்கல்