பால் குடிக்கும்போது வியர்த்த நெற்றி

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி குறைந்து கோயில் வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உடனே பதில் போட முடியாமல் போனது பேத்தியால்தான்.

பிறந்தபோது மூன்று கிலோ இருந்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் ஆனதும் பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்க்க ஆரம்பித்தது. இரண்டு வாய் குடிப்பாள், மூச்சு வாங்கும், விட்டுவிடுவாள். எடையும் ஏறவில்லை. முதலில் காட்டிய இடத்தில் சளி என்றார்கள். அப்புறம் வேறொரு டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்கச் சொன்னார். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை.

"பிறந்த அன்றே ஏன் தெரியவில்லை?" என்று மகன் கொதித்தான். டாக்டர் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். பிறந்த புதிதில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுக்கமாக இருக்குமாம். இதயத்தின் இரண்டு பக்கமும் அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் ஓட்டை வழியே ரத்தம் அதிகம் பாயாது, சத்தமும் கேட்காமல் போகலாம். சில வாரங்களில் குழாய்கள் தளர்ந்ததும் இடப்பக்கத்து ரத்தம் வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலில் போய் நிறைகிறது. அந்த மூச்சிரைப்பு அதனால்தான்.

இதைவிட மருமகள் பட்ட பாடுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழாம் மாதம் பஸ்ஸில் போனாள், கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று உறவில் ஆளாளுக்குப் பேசினார்கள். அவளும் நம்பிவிட்டாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டேன். அந்தச் சுவர் கருவில் முதல் இரண்டு மாதத்துக்குள் எழும்பிவிடுமாம். ஏழாம் மாதத்துப் பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதாவது பிறவிக் குறை இருக்கிறது, பெரும்பாலும் இன்ன காரணம் என்று சொல்ல முடியாது என்றார். அவள் அங்கேயே வாய்விட்டு அழுதாள். அன்றிரவுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இப்போது நீர் பிரிவதற்கு மருந்து கொடுக்கிறோம், எடை மெல்ல ஏறுகிறது. சின்ன ஓட்டை தானாகவே மூடிக்கொள்வதுண்டு. இவளுடையது நடுத்தரம். சில மாதம் பார்த்துவிட்டு ஆபரேஷனை முடிவு செய்வார்கள்.

இன்னொன்று விஜயா. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பையன் நாலடி நடந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உதடு நீலம். நம் வகுப்பில் பூக்கட்டும் அம்மாவின் மகன் ஞாபகம் வந்துவிட்டது. ஓடச் சொன்னால் பாதியில் அப்படித்தான் உட்காருவான். சோம்பேறி என்று விளையாட்டு வாத்தியார் பிரம்பால் அடிப்பாரே. அப்படி உட்கார்ந்தால் கால் குழாய்கள் அழுந்தி, நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகுமாம். யாரும் சொல்லித் தராமல் குழந்தைகளே கண்டுபிடிப்பது. இப்படி உதடு நீலமாகும் அந்தப் பிறவி இதயக் குறைக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று பெயர். அவனுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று என் மனசு சொல்கிறது. ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டரின் யோசனையில் 1944-லேயே அமெரிக்காவின் பால்டிமோரில் இந்த நீலக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் தொடங்கிவிட்டார்கள். நாம் ஆறாவது படித்தது 1971-ல்.

எட்டாவதில் அவன் வராமல் போனதும் நாம் யாருமே விசாரிக்கவில்லை. அவன் தங்கை இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறாளா? அடுத்த மாதம் வரும்போது அவளைப் பார்க்க வேண்டும். நீயும் வா.

உன்
கமலா