கடைசி செல் ஏன் ஃபைலுக்குப் போகவில்லை?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. ஜாவாவில் ஜன்னல், பட்டன், டேபிள் வரையும் ஸ்விங் நூலகத்தை வைத்து நீ எழுதிய மென்பொருளில், டேபிளில் திருத்தியதெல்லாம் ஃபைலுக்குப் போகிறது, கடைசியாகத் தொட்ட செல் மட்டும் பழையபடியே இருக்கிறது என்கிறாய். ஃபைலில் எழுதும் நிரலை நோண்டாதே. தப்பு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

செல்லில் அடிக்கும் எழுத்து, டேபிளின் தரவை வைத்திருக்கும் மாடலுக்கு நேரே போவதில்லை. செல்லின் மேல் திறந்திருக்கும் எடிட்டரிலேயே நிற்கும். என்டர் அல்லது டேப் விசையைத் தட்டினாலோ, வேறு செல்லுக்குப் போனாலோதான் மாடலில் இறங்கும். சேமிக்கக் கண்ட்ரோல் எஸ் அடிக்கும்போது ஃபோகஸ், அதாவது விசைகளை வாங்கும் இடம், நகர்வதே இல்லை. எடிட்டர் திறந்தபடி இருக்க, மாடலில் கிடக்கும் பழைய மதிப்பு ஃபைலுக்குப் போகிறது. 'டெர்மினேட் எடிட் ஆன் ஃபோகஸ் லாஸ்ட்' ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கு என்பார்கள். ஃபோகஸை வாங்கிக்கொள்ளும் பட்டனுக்கு அது சரி, ஷார்ட்கட்டுக்கு உதவாது. சேமிக்கும் மெத்தடின் முதல் வரியிலேயே, எடிட்டர் திறந்திருந்தால் அதன் 'ஸ்டாப் செல் எடிட்டிங்'கைக் கூப்பிடு. எண் வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் அது ஃபால்ஸ் திருப்பும். அப்போது சேமிக்காமல் வெளியே வந்துவிடு.

டேபிளில் சில வரிசைகளை மட்டும் காட்டும் ஃபில்டர் வைத்திருக்கிறாய் அல்லவா? வரிசைகளை டேபிளிடம் கேட்டு எழுதினால், கண்ணுக்குத் தெரியும் வரிசைகள் மட்டுமே ஃபைலில் விழும், மற்றவை போயே போச்சு. எண்ணிக்கையையும் மதிப்பையும் மாடலிடமே கேள். இது கடைசி செல் பிரச்சினையைவிட மோசம், ஏனென்றால் யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள்.

ஃபைல் சிஎஸ்வி, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் வகை என்றால், காற்புள்ளிகளை வைத்து ஒட்டினால் மட்டும் போதாது. மதிப்புக்குள் காற்புள்ளி, இரட்டை மேற்கோள், வரி முறிவு எது இருந்தாலும் முழு மதிப்பையும் இரட்டை மேற்கோளுக்குள் போடு. உள்ளே இருக்கும் மேற்கோளை இரண்டாக்கு. 6" குழாய், கறுப்பு என்பது "6"" குழாய், கறுப்பு" என்று போக வேண்டும்.

எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறையான என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடு. 2022இல் வந்த ஜாவா 18க்கு முந்தைய பதிப்புகளில், ஃபைலில் எழுதும் ஃபைல்ரைட்டர் கிளாஸ் கணினியின் இயல்பு என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமில்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், பிறகு மீட்க வழியே இல்லை.

பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே எழுதாதே. பாதியில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைல் ஒன்றில் முழுதும் எழுதி, மூடி, பிறகு பாதியில் நிற்காமல் ஒரே அடியில் மாற்றும் 'அட்டாமிக் மூவ்' கொடுத்துப் பழைய பெயருக்கு மாற்று. தற்காலிக ஃபைலை வேறு டிரைவில் வைத்தால் அட்டாமிக் மூவ் எரர் அடிக்கும். இன்னும் சேமிக்கவில்லை என்று காட்டும், ஜன்னலின் தலைப்பிலுள்ள நட்சத்திரக் குறியை இதெல்லாம் பிழையின்றி முடிந்த பிறகே எடு.

முதலில் ஃபில்டரை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்