விபிஎஸ்35 வேலை பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மாணவிக்கு ஈஸ்டின் விபிஎஸ்35 மரபணுவைக் கொடுத்திருக்கிறாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இதே மரபணுவில் ஒரு எழுத்து மாறிய மனிதக் குடும்பங்களில் பார்க்கின்சன் நோய் வருவது 2011-ல் வெளிவந்தது. ஆகவே பிள்ளை செய்யப்போவது சின்ன வேலை இல்லை.

அவளிடம் முதலில் பாதையைச் சொல். சிபிஒய் என்ற நொதி வாக்குவோலுக்கு, அதாவது செல்லின் செரிமானப் பைக்கு, போய்ச் சேர வேண்டியது. புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்ஜியில் விபிஎஸ்10 என்ற ஏற்பிப் புரதம் அதைப் பிடித்து, வழியில் உள்ள எண்டோசோம் பையில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். திருப்பிக் கொண்டுவருவது ரெட்ரோமர் என்ற புரதக் கூட்டு. அதில் நடுநாயகம் விபிஎஸ்35. மாட்டுத்தாவணிக்குப் போன பஸ் பெரியாருக்குத் திரும்பாவிட்டால் என்ன ஆகும்? அதேதான். ஏற்ற ஆளில்லாமல் சிபிஒய் செல்லுக்கு வெளியே கொட்டிவிடும்.

மரபணுவை நீக்க, அதன் இடத்தில் ஜி418 மருந்துக்கு எதிர்ப்புத் தரும் கேன்எம்எக்ஸ் மரபணுவை வைத்தால் போதும். அதைப் பெருக்கும் பிரைமரில் மரபணுவின் இரு பக்கத்தோடும் 45 பேஸ் ஒத்துப்போகட்டும். டிஎன்ஏவைச் செல்லுக்குள் ஏற்றும் 42 டிகிரி ஹீட் ஷாக் முடிந்த கையோடு ஜி418 பிளேட்டில் பரப்பினால் ஒன்றும் வராது. ஒய்பிடி என்ற சத்து மீடியத்தில் 3 மணி நேரம் வளரவிட்டு, எதிர்ப்புப் புரதம் உருவான பிறகு பரப்பச் சொல். ஜி418 அளவு மில்லிக்கு 200 மைக்ரோகிராம். அமோனியம் சல்பேட் உள்ள மீடியத்தில் ஜி418 சரியாக வேலை செய்யாது, அங்கே மோனோசோடியம் குளுட்டமேட் போட வேண்டும்.

எனக்குக் கவலை, சிபிஒய் வெளியே கொட்டுகிறதா என்று சவ்வில் பார்க்கும் காலனி பிளாட்டில்தான். வயில்ட் டைப் (எதுவும் மாற்றாத ஈஸ்ட்), விபிஎஸ்10 நீக்கியது, அவளுடைய ஸ்ட்ரெயின் மூன்றையும் ஒரே பிளேட்டில் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்து, மேலே புரதம் ஒட்டும் நைட்ரோசெல்லுலோஸ் சவ்வைக் காற்றுக்குமிழ் இல்லாமல் படிய வைத்து, 30 டிகிரியில் ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் சவ்வைச் செல் ஒட்டாமல் நன்றாகக் கழுவிவிட்டு, சிபிஒய் இருக்கும் இடத்தைக் கறுப்பாகக் காட்ட சிபிஒய் ஆன்டிபாடி. கறுப்பு விழுந்துவிட்டால் உடனே கொண்டாடிவிடுவார்கள். ஆனால் செத்து உடைந்த செல்லும் அதே கறுப்பைத்தான் தரும்! வாக்குவோலில் பத்திரமாகச் சேர்ந்திருந்த சிபிஒய்யே கசிந்து வந்துவிடும். அதனால் இன்னொரு சவ்வில் பிஜிகே1 ஆன்டிபாடி போட்டே ஆக வேண்டும். பிஜிகே1 சைட்டோபிளாசத்தில் இருக்கும் புரதம், செல் உடையாமல் வெளியே வராது. அதுவும் கறுத்தால் அந்தப் பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடு.

நம்ம ஊர் சித்திரை வெயிலில் இப்படிச் செல் உடைவது அதிகம் நடக்கும். சாதா இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 37-ல் இருக்கும்போது முள்ளை 30-ல் வைத்து என்ன பயன்? குளிர்விக்கவும் தெரிந்த பிஓடி இன்குபேட்டரில் வை. கரண்ட் போன ராத்திரிப் பிளேட்டை நம்பாதே. விபிஎஸ்18 போன்ற, வாக்குவோலே சரியாக உருவாகாத சி வகை மியூட்டன்ட்டை ஒப்பிட வைத்திருந்தால் இன்னும் கவனம், 37-க்கு மேல் அது வளரவே வளராது.

கடைசித் தீர்ப்பு ஜெல்லில். மீடியத்தில் டிசிஏ அமிலம் போட்டுப் புரதத்தைப் படிய வைத்து 8 சதவீத ஜெல்லில் நீளமாக ஓட்டட்டும். சிபிஒய்யின் கோல்ஜி வடிவம் 69 கிலோடால்டன், வாக்குவோலில் வெட்டுப்பட்டது 61. அவசரப்பட்டு நிறுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வாக்குவோலில் சிபிஒய் வெட்டுப்படத் தேவையான பெப்4 மரபணுவை நீக்கிய செல்லின் சாற்றை ஒரு லேனில் வை. அதில் 69 அப்படியே தேங்கி நிற்கும், அளவுக்கு அதைவிட நல்ல குறி கிடையாது.

பெப்4 ஸ்ட்ரெயின் எங்களிடம் இருக்கிறது. யாரையாவது பல்கலை நகருக்கு அனுப்பு, ஸ்லான்ட் (குழாயில் வளர்த்த ஈஸ்ட்) கொடுத்து விடுகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள