சாந்தி அக்காவுக்கு, மூணு ஆடி கழிச்சு

அக்கா,

போன ஞாயித்துக்கிழமை ஏற்காடு வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒண்டிக்கடை வரைக்கும் வந்தாச்சு, டீ குடிச்சேன், மொளகா பஜ்ஜி ரெண்டு தின்னேன், நீங்க இருக்கிற பக்கம் போற ரோட்டப் பாத்துக்கிட்டு அரை மணி நேரம் வண்டி மேலயே உக்காந்திருந்தேன், அப்புறம் இறங்கிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட மேல மழை, அதான் திரும்பிட்டேன்னு பொய் சொன்னேன். மழையெல்லாம் ஒன்னும் இல்ல.

உங்க நம்பர் மாறிடுச்சு. உங்க பெரியவன் நான் எழுதுறத இப்பவும் படிக்கிறான்னு தெரியும், அவன் காட்டுனா காட்டட்டும். மத்தவங்களும் படிப்பாங்க, நம்ம தெரு க்ரூப்புக்கு இது ஸ்கிரீன்ஷாட்டா போய்ச் சேர அரை மணி நேரம் ஆகாது, அதனால உங்க பேரு நிஜப் பேரு இல்ல, தெருப் பேரு எழுதல, சின்னவன சின்னவன்னு மட்டும்தான் எழுதப் போறேன். எந்த எஸ்டேட்டுன்னும் எழுதல.

உங்க சின்னவன குண்டாஸ்ல போடச் சொல்லி நம்ம தெருச் சங்கம் எழுதுன அந்த மனுவுல என் கையெழுத்து இருந்தத நீங்க பாத்துட்டீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். போட்ட நாள் என்ன நடந்துச்சுன்னு மட்டும் உங்களுக்குத் தெரியாது.

ஆடி ரெண்டாவது ஞாயிறு, 2022. கொரோனால ரெண்டு வருஷம் அடங்கிக் கெடந்த ஊரு, மைக் செட்டு காதக் கிழிக்குது. நான் திண்ணைல உக்காந்திருக்கேன், மடில மனு. சங்கத்துக்காரங்க ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்துன்னு வாங்கிட்டு வந்தாங்க, எனக்கு மட்டும் வச்சுட்டுப் போய்ட்டாங்க, அண்ணே படிச்சுப் பாத்துட்டே போடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கிக்கிறோம்னு. படிக்கிறவன்னு ஒரு மரியாதை. மூணு பக்கம். சின்னவன் பேரு ரெண்டாவது பக்கத்துல. அப்ப நீங்க தெருமுனைல இருந்து வர்றீங்க, கைல தூக்கு. மனுவ மறைக்க எடமில்லாம பக்கத்துல போட்டு அதுமேல தினசரிய விரிச்சேன், நீங்க நேரா அந்தப் பேப்பர் மேலயே தூக்க வச்சுட்டீங்க. கூழு. ஓரத்துல ஒரு எலைல சுத்தி மாங்கா ஊறுகா. "அம்மாவுக்கு கழுத்துல பொருக்கு உதிந்துருச்சா கண்ணு, மஞ்சள வேப்பெண்ணைல கொழச்சுப் போடச் சொன்னேனே, போட்டீங்களா"ன்னு கேட்டீங்க. நான் தூக்கையே பாத்துக்கிட்டிருந்தேன். அடில ஈரம். பேப்பர் ஊறுது, அதுக்குக் கீழ உங்க மகன் பேரு ஊறுது, நான் ஆமாக்கா போட்டோம்கிறேன்.

நீங்க போனப்புறம் எடுத்துப் பாத்தா மனுல வட்டமா ஒரு ஈரத் தடம். காயட்டும்னு விசிறிவிட்டேன். காஞ்சதும் போட்டேன்.

ஏன்னு கேப்பீங்க. அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு, அதுதான் பிரச்சனையே, இப்பவும் இருக்கு. அந்த வைகாசில காலைல அஞ்சே முக்காலுக்கு கோலம் போட்டுக்கிட்டிருந்த எங்கம்மா, 71 வயசு, பைக்ல வந்தவனுங்க தாலிக்கொடிய இழுத்ததுல பத்தடி தரைல இழுபட்டுச்சு. கழுத்துல கயிறு அறுத்த மாதிரி கோடு. கோலப்பொடி டப்பா சாக்கடைல மெதக்குது. நீங்கதான் முதல்ல ஓடி வந்தீங்க, உங்க சேலை முந்தானையத்தான் கழுத்துல அமுக்குனீங்க. அதெல்லாம் மறக்கல. ஆனா அன்னைல இருந்து ஒரு ரெண்டு மாசம், ராத்திரி ஒரு வண்டிச் சத்தம் கேட்டா எங்க வீட்ல அத்தனை பேரும் முழிச்சுக்குவோம், அந்த ரெண்டு மாசத்துல எவன் வந்து எதை நீட்டியிருந்தாலும் கையெழுத்து போட்டிருப்பேன். சின்னவனும் ஒன்னும் தங்கக்கட்டி இல்லக்கா. பஸ் ஸ்டாண்டுல அடிதடி, அப்புறம் கத்தியக் காட்டி ஒருத்தன்கிட்ட 800 ரூவா புடுங்குனது, அது ரெண்டும் பொய் கேஸ் இல்ல, உங்களுக்கும் தெரியும். அதுக்குக் கேஸ் இருந்துச்சு, ஜாமீன் இருந்துச்சு, கோர்ட் இருந்துச்சு. எங்களுக்கு அது போதல. "குண்டாஸ்ல போட்டா ஒரு வருசம் தெரு நிம்மதியா இருக்கும்"னு சங்கத்துல ஒருத்தர் சொன்னாரு, ஏதோ எலி மருந்து வாங்கிட்டு வர்ற மாதிரி. யாரும் சிரிக்கல, யாரும் எதுத்தும் பேசல. நானும்.

இதுல கேவலம் என்னன்னா எனக்கு அந்தச் சட்டம் தெரியும். 1982ல சாராயம் காச்சுறவங்க, கஞ்சா விக்கிறவங்க, ரவுடிங்கன்னு சொல்லிக் கொண்டு வந்தது. அப்புறம் 2004ல திருட்டு விசிடிக்காரன சேத்தாங்க, அப்புறம் மணல் திருடுறவன், இன்னும் சில பேர். பட்டியல் நீளுமே தவிர சுருங்குனதில்ல. இதே சேலத்துல 2017ல ஹைட்ரோகார்பன் வேணாம்னு நோட்டீஸ் குடுத்த ஒரு மாணவி மேல அதே சட்டத்தப் போட்டாங்க, ஐகோர்ட் ரத்து பண்ணுச்சு. அப்ப கொதிச்சுப் போய் நான் எழுதுன போஸ்ட் இன்னும் இங்கதான் கெடக்கு, கீழ தேடுனா கிடைக்கும். நோட்டீஸ் குடுக்கிற பொண்ணுக்கு ஒரு நியாயம், எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு நியாயம்.

படிக்கிறவங்களுக்காக ஒன்னு சொல்லிடுறேன், நீங்க இத தாண்டிப் போங்க. இது செஞ்சதுக்கான தண்டனை இல்ல, செஞ்சுருவான்கிற பயத்துக்கு உள்ள வைக்கிறது. ஒரு வருஷம் வரைக்கும் வைக்கலாம். சிட்டில கமிஷனர் கையெழுத்து போட்டா போதும். உள்ள போட்டது சரியான்னு பாக்குற அறிவுரைக் குழு முன்னாடி போறப்ப வக்கீல் வச்சுக்கிற உரிமை கிடையாது, அரசியல் சட்டத்தோட 22வது பிரிவுலயே அப்படித்தான் இருக்கு. வேற தேசத்துல எவனோ சர்வாதிகாரி போட்டது இல்ல.

எங்க தாத்தா அஸ்தம்பட்டி வழியா பஸ்ல போறப்ப ஜெயில் மதில் வந்தா பேச்ச நிறுத்திடுவாரு. 1950 பிப்ரவரி 11, உள்ள இருந்த கம்யூனிஸ்ட் கைதிங்க மேல துப்பாக்கிச் சூடு, 22 பேர் செத்தாங்க, பாதிக்கு மேல மலபார்க்காரங்க. நாடு குடியரசாகி பதினாறே நாள். அதே மாசக் கடைசில தடுப்புக் காவல் சட்டத்த பார்லிமெண்ட்ல நிறைவேத்துனாங்க, ஒரு வருஷத்துக்கு மட்டும்னு. அத நீட்டிக்கிட்டே போய் 1969 முடியிற வரைக்கும் ஓடுச்சு. அது போனதும் ரெண்டே வருஷத்துல மிசா. தாத்தா இத எத்தனையோ தடவ சொல்லிருக்காரு, நான் ஜன்னலோரம் உக்காந்து கேட்டுட்டு தட்டுவடை செட்டு வாங்கித் தாங்கன்னு நச்சரிச்சிருக்கேன். நம்ம தெருவுல கேமரா வச்சப்பவும் ஆறு மாசத்துக்கு மட்டும்னுதான் சொன்னாங்க.

சரி. இப்ப நான் கோவப்படுற முறை.

நீங்க மட்டும் என்னக்கா. சின்னவனுக்கு முன்னாடி யாரு? பின் சந்துல மாடி ரூம்ல இருந்த ஆறு வடக்கத்திப் பசங்க. அம்மாவ இழுத்த மறுவாரமே அவங்ககிட்ட ஆதார் ஜெராக்ஸ் வாங்கி, பெருவிரல் ரேகை வாங்கி, நோட்டு போட்டோமே, அந்த நோட்டுல பேரெல்லாம் எழுதுனது யாரு? உங்க கையெழுத்துதான் குண்டு குண்டா அழகா இருக்கும்னு உங்ககிட்ட குடுத்தாங்க, நீங்களும் பெருமையாத்தான் எழுதுனீங்க. வாசல்ல நிக்கவச்சு போட்டோ எடுத்தது சின்னவன், அவன் செல்போன்லதான். "இவனுங்கள எல்லாம் கண்ணுலயே வச்சிருக்கணும்"னு நீங்க சொன்னது எங்கம்மாவுக்கு வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. 2023 மார்ச்ல வடக்கத்தி ஆளுங்கள இங்க அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சு பாருங்க, அப்ப ஒரே ராத்திரில ஆறு பேரும் ரயிலேறிட்டாங்க, ரெண்டு பேருக்கு என் பட்டறைலயே பத்து நாள் கூலி பாக்கி. எங்களப் பாத்தும் பயந்துருக்கானுங்க, ரேகை குடுத்தவன் பயப்படாம என்ன பண்ணுவான். அந்த நோட்டு இன்னும் கோயில் பீரோவுல இருக்கு.

இத எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். மன்னிப்புக் கேக்க வந்தவன் கணக்கு பாக்குறான்னு தோணும். பாக்குறேன்தான். காலி பண்ணிட்டுப் போறப்ப எங்க வாசலத் தாண்டித்தான் அந்தக் குட்டியானை போச்சு, நீங்க திரும்பிக்கூடப் பாக்கல, அம்மா ஜன்னல்ல கை வச்சுட்டு நின்னுச்சு. என்மேல கோவம் சரி. அது என்ன பண்ணுச்சு உங்கள?

ஏழு மாசம் சின்னவன் உள்ள இருந்தான். நீங்க ஜெயிலுக்கு மனு போட்டு அவனப் பாக்க அலைஞ்சது, கொலுசுக்கு சலங்கை கோக்குற வேலைய பாதில விட்டது, கடன் வாங்குனது எல்லாம் பெரியவன் எழுதுனதுல படிச்சேன். சின்னவனுக்குக் குடுத்த அந்தத் தடுப்புக் காவல் புத்தகம், எந்தெந்தக் காகிதத்த வச்சு அவன உள்ள போட்டாங்களோ அதெல்லாம் ஜெராக்ஸ் போட்டுத் தைச்ச கட்டு, அத பெரியவன் ஒருநாள் என் பட்டறைக்கு எடுத்துட்டு வந்தான். ஒன்னும் பேசல. நான் ராட்டு மிஷின ஆஃப் பண்ணிட்டு வந்தேன், ஒரு பக்கத்த விரிச்சு மேசைல வச்சான். நம்ம மனு. என் கையெழுத்துக்கு மேல வட்டமா கருப்பா ஒரு கறை, ஜெராக்ஸ்ல கிரகணம் மாதிரி விழுந்திருக்கு. "அம்மாதான் மொத கண்டுபுடிச்சுது, இது எங்க தூக்கு சைஸ்னு சொல்லுச்சு"ன்னான். சொல்லிட்டு கட்ட மூடி எடுத்துட்டுப் போய்ட்டான்.

கடைசில ஐகோர்ட்ல ரத்தானது புத்தகத்துல சில பக்கம் படிக்கவே முடியாத மாதிரி இருந்துச்சுன்னுதான். அது வேற பக்கங்க, நம்ம பக்கம் தெளிவாத்தான் இருந்துச்சாம். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டேன், இப்படித்தான் நெறைய ரத்தாகுதாம், பக்கம் தெளிவா இல்ல, மனுவப் பரிசீலிக்க லேட்டாச்சுன்னு. அவன் செஞ்சானா இல்லையாங்கிற பேச்சே வராதாம். அம்மா தாலிக்கொடிய இழுத்தவனுங்க வேற ஊர்ல மாட்டுனாங்க, அம்மாவ அடையாளம் காட்டக் கூப்டாங்க, ரெண்டு பேரையும் நான் வாழ்நாள்ல பாத்ததில்ல. தாலிக்கொடி கெடைக்கல. அதச் சொல்ல உங்க வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருந்துச்சு.

இப்ப ஏன் எழுதுறேன்னா, இதச் சொல்லத்தான் நாக்கு எழும்பல. போன மாசம் சங்க க்ரூப்புல ஒரு கிளிப்பு வந்துச்சு, பதினோரு செகண்டு. என் பொண்ணு காலேஜ் முடிஞ்சு ஒரு பையன் வண்டில வந்து முனைல இறங்குறா. கீழ "உங்க தகவலுக்கு"ன்னு ஒரு வரி, கும்பிடு பொம்மை. பதினாறு கேமரா, நாலு பேர் செல்போன்ல ஓடுது. 2017ல ஒம்பது ஜட்ஜுங்க ஒன்னா உக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க, எங்க க்ரூப்புக்கு அது வந்து சேரல. பொண்ணு மூணு நாள் என்கிட்ட பேசல. "நீதானப்பா முன்ன நின்னு வசூல் பண்ணி வச்ச"ன்னா. வீட்டுக்கு 2,500, நான்தான் ரசீது எழுதுனேன். உங்க வீட்டுக்கும் எழுதுனேன்.

உங்க வீட்டுக்கு வந்தப்ப உறைக்கல, எங்க வீட்டுக்கு வந்தப்பதான் உறைச்சுது. இத வேற விதமா எழுத வழி தெரியல.

சங்கத்துல இருந்து விலகிட்டேன். எங்க வாசலப் பாத்திருந்த கேமராவ கழட்டச் சொல்லி எழுதிக் குடுத்தேன், கழட்டல, திருப்பி வச்சிருக்காங்க. கழட்டிட்டா ராத்திரி அம்மா தூங்குமான்னும் எனக்குத் தெரியல. இப்பவும் விடிஞ்சு வெளிச்சம் வந்தப்புறம்தான் கோலம்.

சின்னவன் பேரு இன்னும் ஸ்டேஷன் ரவுடி லிஸ்ட்ல இருக்காம், திருப்பூர்ல வேலைக்குப் போற பையன ஒவ்வொரு பண்டிகைக்கும் கூப்ட்டு உக்கார வைக்கிறாங்களாம். அத எடுக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போறதா பெரியவன் எழுதியிருந்தான். அந்த மனுல கையெழுத்து போட்டவன் நான், பயத்துல போட்டேன், என் கண்ணால அவன ஒரு தப்பும் செய்யப் பாத்ததில்ல, அம்மா விஷயத்துல அவன் இல்லன்னு எனக்கு இப்ப தெரியும்னு நோட்டரி முன்னாடி எழுதிக் குடுக்கத் தயார். அது அவனுக்கு உதவுமான்னு உங்க வக்கீல்தான் சொல்லணும். தெருவுல இருக்கணுமேன்னு ஒரு யோசனை இன்னமும் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். அதனால ஆடி முடியறதுக்குள்ள கேட்டுடுங்க, நான் மனசு மாறுறதுக்குள்ள.

என் நம்பர் அதே நம்பர்தான். மெசேஜ் போட வேணாம், பேசுங்க. ஆறு மணிக்கு மேல பட்டறைல மிஷின் ஓடாது.