இலவச நிரலாக்க வகுப்புக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

கணினி நிரலாக்கம் கற்க விரும்பிய எவரிடமும் வயதோ முன்னறிவோ கட்டணமோ கேளாமல் நாங்கள் நடத்திவந்த வகுப்புகளின் முதல் சுற்று நிறைவடைந்துள்ளது. உதவிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதே முறை என்றாலும், பலர் தம் பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டதால் இந்நன்றியைப் பொதுவில் தெரிவிக்கிறோம்.

மாலை நேரங்களில் கூடத்தையும் இணைய இணைப்பையும் வாடகையின்றித் தந்த நூலகத்தாருக்கு முதல் நன்றி. பழைய மடிக்கணினிகளை அளித்தவர்களுக்கும், அவற்றைத் திறந்து தூசு தட்டி, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, பாடத்தின் நடுவே நின்றுவிடாமல் இயங்கச் செய்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். லினக்ஸும் நாங்கள் கற்பித்த பைத்தான் மொழியும் 1991ஆம் ஆண்டில் வெளிவந்து, அன்றுமுதல் பல நாட்டுத் தன்னார்வலர்களின் உழைப்பையும் பெற்று வளர்ந்து, இன்றும் உரிமக் கட்டணமின்றிக் கிடைப்பதால்தான் எங்களாலும் இலவசமாகக் கற்பிக்க முடிந்தது. முகமறியாத அப்பங்களிப்பாளர்களும் இந்நன்றிக்கு உரியவர்களே.

ஆயினும் நாங்கள் பெரிதும் கடன்பட்டிருப்பது, முன்னே நின்று பாடம் நடத்தியவர்களைவிட, கற்போர் அருகில் அமர்ந்து உதவியவர்களுக்குத்தான். (பாடம் நடத்தியவர்கள் பொறுத்தருள்க, கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள்.) கற்பவரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்பது ஒன்றே அருகமர்ந்து உதவியவர்களுக்கு நாங்கள் வைத்த விதி. அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை, வரியின் இறுதியில் விடுபட்ட முக்காற்புள்ளி (:) கண்ணெதிரே தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்களே அறிவார்கள். பிழைச்செய்தி தோன்றியதும் பதறிச் சாளரத்தை மூடிவந்த பலர், அதன் கடைசி வரியை முதலில் படித்து, பின்பு வரி எண்ணைத் தேடும் பழக்கத்தை இவர்களிடமிருந்தே பெற்றார்கள். சுற்று முடியும் தறுவாயில், உதவி கேட்டுக் கை உயர்த்திவிட்டு, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தாமே பிழையைக் கண்டுபிடித்துக் கையை இறக்கியவர்களும் இருந்தார்கள்.

ஒரு நாள் மட்டும் பாடத்திட்டம் பாதியிலேயே நின்றது. ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டு, அந்தச் சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று விடையளிக்கிறது. எழுத்து மூன்றுதானே என்று ஒரு மாணவி வினவியபோது, அருகிலிருந்த தன்னார்வலர் விடையை ஒரே மூச்சில் சொல்லி முடிக்காமல், சரத்தின் கூறுகளை ஒவ்வொன்றாக அச்சிடச் சொன்னார். கணினியில் எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண் உண்டு என்பதை அம்மாணவி தாமே கண்டுகொண்டதோடு, வகுப்பிலிருந்த அனைவரும் தத்தம் பெயரைச் சோதிக்கத் தொடங்கிவிட்டனர். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் மடக்குக் கட்டளைகளை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவைத்ததில் எங்களுக்கு வருத்தமில்லை.

வகுப்பு நேரத்தில் பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்களையும் மறக்க இயலாது. நிரலாக்கம் பற்றி ஒரு சொல்லும் பேசாத இவர்கள் இல்லையெனில், இளம் தாய்மார் பலர் ஓர் அமர்வுக்குக்கூட வந்திருக்க மாட்டார்கள்.

முதல் சுற்றில் பயின்றவர்களில் சிலர், அடுத்த சுற்றில் புதியவர்களின் அருகில் அமர்ந்து உதவ முன்வந்துள்ளனர். அவர்களுக்கு எங்கள் நன்றியை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்; விசைப்பலகை விதி அவர்களுக்கும் பொருந்தும்.

நன்றியுடன்,
வகுப்பு ஒருங்கிணைப்பாளர்கள்