காசை அப்புறம் பார்க்கலாம், முதலில் குழி

மெட்டல் டிடெக்டரும் கையுமாக நிலம் நிலமாக அலையும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவன்தான் எழுதுகிறேன். உபதேசம் செய்கிற தகுதி எனக்கு இல்லை என்பது அடுத்த பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு முதல் பழங்காசு கிடைத்தது, மழை விட்டு இரண்டு நாள் கழித்து, உழுது போட்டிருந்த ஒரு நிலத்தின் ஓரத்தில். அதுவரை பை நிறைய ஆணியும் குளிர்பான டின்னின் அலுமினிய வளையமும்தான். அந்த வளையமும் சின்னத் தங்கக் காசும் டிடெக்டரின் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டித் தொலைக்கும் என்பதால் ஒன்றையும் விட மனசு வராது, தெரியுமே. அன்றைக்கு ஹெட்போனில் வந்த ஓசை வேறு மாதிரி இருந்தது. கருவியை எந்தப் பக்கமிருந்து வீசினாலும் மாறாத ஓசை. ஒரு சாண் தோண்டி மண்கட்டியை உடைத்தால் பச்சை விளிம்பு. படபடப்பில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். மண்ணோடு சேர்ந்து மெல்லிய செதிள் ஒன்று கழன்று வந்தது. திருப்பிப் பார்த்தால், காசில் இருந்த முகத்துக்கு மூக்கைக் காணோம்.

செம்பும் வெண்கலமும் நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்தால் மேல்பகுதி களிம்பாக மாறிவிடும். அழுக்கு என்று நாம் நினைக்கிற அந்தக் களிம்பில்தான் பல சமயம் எழுத்தும் உருவமும் நிற்கும். அதற்கு அடியில் இருப்பது அரிக்கப்பட்ட, சொரசொரப்பான உலோகம். அமிலத்தில் ஊறப்போட்டுப் பளபளப்பாக்கினால் மிஞ்சுவது மொட்டையான செந்நிற வில்லை. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது வேறு கதை, குளோரைடு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. ஈரம் படாமல் வைத்து, பதப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, காசைத் தேய்த்தால் ஒரு காசு போகும். குழியைக் கெடுத்தால் போவது அதைவிடப் பெரியது. இந்த மடலே அதற்காகத்தான்.

2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே டேவ் கிறிஸ்ப் என்பவருக்கு ஒரு சிக்னல் கிடைத்தது. தோண்டியதில் சில ரோமானியக் காசுகளும் ஒரு பானையின் வாயும் தெரிந்தன. மனிதர் அங்கேயே கையை எடுத்துவிட்டார். குழியை மூடிவிட்டுத் தொல்லியலாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார். என்னால் முடிந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன், முடிந்திருக்காது. அந்தப் பானையில் இருந்தவை 52,503 காசுகள். அவற்றை அடுக்கடுக்காக எடுத்து, எந்த அடுக்கில் எது இருந்தது என்று குறித்துக்கொண்டே போனார்கள். அங்கேதான் விஷயம் வெளிப்பட்டது. அவற்றிலேயே கடைசியாக அச்சிடப்பட்டவை, கரோசியஸ் என்ற ரோமானிய ஆட்சியாளர் காலத்துக் காசுகள். அவற்றில் பெரும்பகுதி பானையின் பாதிக்கும் கீழே கிடந்தது, பழைய காசுகள் அவற்றின் மேலே. வருடாவருடம் சேர்த்த உண்டியல் என்றால் புதியவை மேலே அல்லவா இருக்க வேண்டும்? ஆக, ஒரே தடவையில் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். கிறிஸ்ப் ஆசைப்பட்டு அள்ளிச் சாக்கில் போட்டிருந்தால் காசு ஒன்றுகூடக் குறைந்திருக்காது; இந்தச் செய்தி மட்டும் போயிருக்கும்.

2015இல் அதே நாட்டில் இரண்டு கண்டெடுப்புகள். வாட்லிங்டன் அருகே ஜேம்ஸ் மேத்தர் கண்ட வைக்கிங் காலப் புதையலை அவர் முறைப்படி தெரிவித்தார். மண்கட்டியோடு பெயர்த்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் பிரித்தார்கள். ஆல்ஃபிரட், இரண்டாம் சியோல்வுல்ஃப் என்ற இரு அரசர்களும் ஒரே வகைக் காசை வெளியிட்டுக் கூட்டாளிகளாக இருந்ததற்கு அது நல்ல சான்று. ஹெரிஃபோர்ட்ஷயரில் அதே காலத்துப் புதையலைக் கண்ட இருவரோ மறைத்து விற்றார்கள், 2019இல் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அப்போது மீண்டிருந்தவை முப்பது சொச்சம்தான்.

உழுத மண்ணில் காசு ஏற்கெனவே இடம் மாறித்தானே கிடக்கிறது, இடத்தைக் குறித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். ஏர் அதைச் சில அடி தள்ளியிருக்கலாம், வேறு ஊருக்குக் கொண்டுபோகவில்லை. பலரும் குறித்த புள்ளிகளை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் சந்தையோ பழைய பாதையோ தெரியவரும். ஆனால் ஏர் படாத ஆழம் வேறு. நம் கருவி ஒற்றைக் காசைப் பெரும்பாலும் சாண் ஆழத்துக்குள்தான் பிடிக்கும். அதற்குக் கீழிருந்து பெரிதாக, அழுத்தமாக ஓசை வந்தால், அல்லது பானை ஓடு கையில் தட்டுப்பட்டால், நிறுத்திவிடுங்கள். குழியை மூடுங்கள், அடையாளம் வையுங்கள், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். நிலத்துக்காரர் அனுமதியும் அந்தந்த நாட்டுச் சட்டமும் அதற்கு முந்தைய பேச்சு. அதைக்கூடச் சொல்லித்தர வேண்டிய ஆள் டிடெக்டரை வைத்துவிட்டுப் போகலாம்.

நான் கேட்பது சின்ன வேலை. காசு கையில் வந்ததும் தேய்க்காமல் ஒரு சிறு பையில் போடுங்கள். கைப்பேசியில் இடப்புள்ளியைச் சேமியுங்கள், குழியோடு ஒரு படம் எடுங்கள், ஆழத்தையும் தேதியையும் சீட்டில் எழுதி அதே பைக்குள் போடுங்கள். ஒரு நிமிடம் ஆகும்.

அந்த மூக்கில்லாத காசு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. போன மாதம் அதைப் பார்த்த நாணயவியல் அறிஞர் ஒருவர், உருவத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கே எடுத்தது என்றுதான் கேட்டார். அந்தப் பருவத்தில் நான் மூன்று நிலங்களில் சுற்றியிருந்தேன். அதில் எது என்று எனக்கு நினைவில்லை.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஹெட்போன் மாட்டித் திரியும் ஒருவன்