ஏற்காட்டின் ஓய்விடங்களில் யாரை வரையப் போகிறோம்?

சேலம் மாவட்ட நிர்வாகத்திற்கும் ஏற்காடு கோடை விழாவை நடத்தும் துறைகளுக்கும் வணக்கம்.

கோடை விழாவில் மலர்க் கண்காட்சியோடு ஓர் ஓவியக் கூடமும் அமைய வேண்டும். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் முதலிய ஓய்விடங்களை இம்மலையின் மக்களோடு சேர்த்து வரையச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 1997இல் தீட்டிய 'பாஸ்ட் டைம்ஸ்' என்னும் பெரிய ஓவியத்தில், நீர்நிலையை ஒட்டிய புல்வெளியில் கறுப்பினத்தவர் விரிப்பின் மீது அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் கோல்ஃப் ஆடுகிறார், பின்னால் விசைப்படகு விரைகிறது. எல்லோருடைய மேனியையும் அவர் வேண்டுமென்றே அடர்கறுப்பாகத் தீட்டியிருக்கிறார். அந்நாட்டின் தென் மாநிலங்களில் நீச்சல் குளங்களும் பூங்காக்களும் கடற்கரைகளும் நெடுங்காலம் நிறத்தின் பெயரால் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. 1964 ஜூன் மாதத்தில், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு விடுதிக் குளத்தில் இறங்கிப் போராடியபோது, அதன் மேலாளர் நீரில் அமிலத்தை ஊற்றினார். இதை அறிந்தவர்களுக்கு, அந்தப் புல்வெளியில் ஒரு குடும்பம் வேலையேதுமின்றி அமர்ந்திருப்பதே உரிமைக்குரலாகக் கேட்கும். அவ்வோவியத்தை 25,000 டாலருக்கு வாங்கி, பொதுமக்கள் வந்துபோகும் மாநாட்டு மையத்தில் மாட்டி வைத்தது சிகாகோவின் ஒரு பொது அமைப்பு என்பது உங்கள் கவனத்திற்குரியது. 2018இல் அது 2 கோடியே 10 இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. எத்தனை கோடி கிடைத்தாலும் விற்றிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த ஓவியர் ஹர்வின் ஆண்டர்சன், டிரினிடாடில் தங்கிய அனுபவத்திலிருந்து, ஒரு மனமகிழ் மன்றத்தின் டென்னிஸ் மைதானத்தைக் கம்பி வலையின் வழியே தெரிவதாக வரைந்தார். பார்ப்பவர் வேலிக்கு வெளியே நின்றாக வேண்டும்.

நம் மலைக்கும் அத்தகைய வேலிகள் உண்டு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். பின்னர் இது ஆங்கிலேயரின் கோடை வாசத்தலமாயிற்று. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட் என்னும் பெயர்கள் யாருடைய ஓய்வு நினைவுகூரப்படுகிறது என்பதை இன்றும் காட்டுகின்றன. ஆங்கிலேயருக்கு முன்பே காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாகத் தம் மரபுக் கதைகளில் சொல்லும், சேர்வராயன் கோயிலை வழிபட்டு வரும் மலையாளிப் பழங்குடியினரும் (கேரள மலையாளிகள் அல்லர்), காப்பித் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களும் படங்களில் இடம்பெறும்போது, பெரும்பாலும் கூடை சுமப்பவர்களாகவோ நடனமாடுபவர்களாகவோதான் வருகின்றனர். அமெரிக்க நிறவெறியையும் நம் சாதி, பழங்குடி ஒதுக்கலையும் ஒன்றெனக் கருதுவது பிழை. ஆனாலும், ஓய்வெடுப்பவராக யார் வரையப்படுகிறார் என்னும் கேள்வி இரண்டு இடங்களுக்கும் பொருந்தும்.

ஆகவே, மலைக் கிராமங்களின் இளைஞர்களையும் ஓவியர்களாக அழைத்து, உரிய ஊதியம் தாருங்கள். முதியவர்கள் தம் ஓய்வுப் பொழுதை எங்கே, எப்படிக் கழித்தார்கள் என்பதை வரைபவர்கள் முதலில் கேட்டறியட்டும். விழா முடிந்ததும் ஓவியங்களைக் கிடங்குக்கு அனுப்பாமல், படகு இல்லத்தில் சீட்டு வாங்க நிற்கும் எவரும் காணும்படி நிலையாக மாட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
சேலத்து ஓவிய ஆர்வலர் ஒருவர்